ஒரு பக்கம் மட்டும் வராத ஷோர்யூகன்: ஒரு பழைய ஆர்கேட் ஸ்டிக்கைப் பிரிச்சுப் பாத்த கதை

என் சித்தி பையன் ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஆர்கேட் ஸ்டிக்கை, அதாவது ஃபைட்டிங் கேம் ஆடறதுக்கு லீவரும் பட்டனும் வெச்ச பெட்டியை, துண்டுல சுத்தி எடுத்துட்டு வீட்டுக்கு வந்தான். செகண்ட் ஹேண்ட்ல வாங்குனது, நல்ல கனம், மேல ஒட்டியிருந்த படம் வெளுத்துப் போயிருந்துச்சு. வந்ததும் வராததுமா, "அண்ணா, எட்டு மூலை கேட் ஆர்டர் போட்டுட்டேன், டைட்டான ஸ்பிரிங்கும் போட்டிருக்கேன், வந்ததும் மாட்டிக் குடு"ன்னான். ஏன்டா, இப்ப இருக்கறதுக்கு என்னன்னு கேட்டா, "ஷோர்யூகன் வரல. சதுர கேட் எனக்கு செட் ஆகல"ன்னான். ஷோர்யூகன்ங்கறது ஸ்ட்ரீட் ஃபைட்டர் கேம்ல மேல எழும்பி விடற குத்து, கேட்ங்கறது லீவர் எவ்வளவு தூரம் சாயலாம்னு எல்லை போடற தட்டு.

இந்த ஒரு கேஸை முழுசா எழுதி வைக்கணும்னு நினைச்சதுக்குக் காரணம் இருக்கு. ஸ்டிக் கஸ்டமைஸ் பண்றவங்க கிட்டத்தட்ட எல்லாருமே பார்ட்ஸ் வாங்கறதுல இருந்துதான் ஆரம்பிக்கறாங்க, எந்த ஸ்விட்ச் எப்ப மூடுதுன்னு யாரும் அளந்து பாக்கறதில்ல. இவனும் அப்படித்தான் வந்தான். ஆர்டர் போட்டது வர்றதுக்குப் பத்து நாள் ஆச்சு, அந்தப் பத்து நாள்தான் உண்மையில எங்களுக்கு உதவுச்சு.

கம்ப்ளைன்ட் என்ன

அவன் ஆடறது ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6, கென்ங்கற கேரக்டர், கிளாசிக் கன்ட்ரோல்ல. மாடர்ன் கன்ட்ரோல்ல ஒரு திசையோட ஒரு பட்டனை அமுக்குனாலே ஷோர்யூகன் வரும், இவன் அதைத் தொடறதில்ல. கிளாசிக்ல முன்னாடி தள்ளணும், அப்புறம் கீழ, அப்புறம் கீழ்-முன் மூலை, அதோட பஞ்ச். எதிராளி குதிச்சு வரும்போது அரை செகண்டுக்குள்ள இது முடிஞ்சாகணும். கேம் ஓடறது செகண்டுக்கு 60 ஃபிரேம், ஒரு ஃபிரேம் 16.67 மில்லிசெகண்ட், அதனால ஒவ்வொரு திசையும் லீவர்ல சில ஃபிரேம் மட்டும்தான் நிக்கும்.

நான் கேட்ட முதல் கேள்வி, எந்தப் பக்கம் நின்னா வரலங்கறதுதான். அவன் யோசிச்சுட்டு, "லெஃப்ட் சைடுல நின்னாத்தான் நிறைய மிஸ் ஆகுது, ரைட் சைடுல நின்னா ஓரளவு வருது"ன்னான். இது ரொம்ப முக்கியமான தகவல், ஆனா இதை அவன் யார்கிட்டயும் சொன்னதே இல்ல. இடது பக்கம் நின்னா எதிராளி வலது பக்கம் இருப்பான், அப்ப முன்னாடின்னா வலது. சதுர கேட் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதானே இருக்கு, கேட்டோட வடிவம்தான் பிரச்சனைன்னா ரெண்டு பக்கமும் மிஸ் ஆகணுமே? ஒரு பக்கம் மட்டும் மிஸ் ஆகுதுன்னா ஒண்ணு கை, இல்லன்னா லீவருக்குள்ள ஏதோ ஒண்ணு ஒரு பக்கமா விலகியிருக்கு.

கையும் காரணமா இருக்கலாம், அதை ஒதுக்கிட முடியாது. லீவரைப் பிடிக்கறது இடது கை, ஒரு பக்கம் விரலால இழுக்கற மாதிரி வரும், இன்னொரு பக்கம் உள்ளங்கையால தள்ளற மாதிரி வரும், ரெண்டுக்கும் பலம் ஒண்ணு இல்ல. புதுசா ஆடறவங்க நிறைய பேருக்கு ஒரு பக்கம் வரும், இன்னொரு பக்கம் வராது. அதனால அவன் கை மேல தப்பு இல்லன்னு எடுத்த எடுப்புல நான் சொல்லல, டெஸ்ட் பண்ணிப் பாத்துடுவோம்னேன்.

ட்ரெய்னிங் மோடுல பாத்தது

இன்புட் டிஸ்ப்ளேவை ஆன் பண்ணி வெச்சோம். எந்தத் திசை எத்தனை ஃபிரேம் இருந்துச்சுன்னு ஓரத்துல வரிசையா ஓடும், ஃபைட்டிங் கேம் ஆடறவங்க கண்ணு எப்பவும் அங்க ஒரு தடவை போய்ட்டு வரணும்னு நான் நினைக்கறேன். ஒரு பக்கத்துக்கு 20 தடவை, அவசரமில்லாம, ஒவ்வொண்ணா. வலது பக்கம் நின்னு போட்டதுல 20க்கு 17 வந்துச்சு. இடது பக்கம் நின்னு போட்டதுல 8.

எண்ணிக்கையை விட அந்த வரிசைதான் விஷயத்தைச் சொல்லுச்சு. வந்த பக்கத்துல மூலைத் திசை மூணு நாலு ஃபிரேம் நிக்குது. வராத பக்கத்துல முன்னாடி, கீழ, அதோட பஞ்ச், மூலையே இல்ல, சில தடவை மூலை ஒரே ஒரு ஃபிரேம் மின்னிட்டுப் போகுது. அப்புறம் நான் வாங்கி போட்டுப் பாத்தேன். எனக்கு இந்த மாதிரி லீவர்ல பத்து வருஷத்துக்கு மேல பழக்கம், எனக்கும் அந்தப் பக்கம்தான் தடுமாறுச்சு. அதுக்கப்புறம் வேகமே இல்லாம லீவரை மெதுவா வலது கீழ் மூலைல கொண்டு போய் வெச்சு அப்படியே பிடிச்சேன். ஸ்கிரீன்ல மூலை, கீழ, மூலை, கீழன்னு மாறி மாறித் துடிக்குது. இடது கீழ் மூலைல வெச்சா அசையாம நிக்குது.

மூலைல லீவரை அமுக்கிப் பிடிச்சிருக்கும்போதே ஸ்கிரீன் துடிக்குதுன்னா அதுல கைக்கு வேலையே இல்ல. அவன் முகத்துல அப்ப வந்த நிம்மதியைப் பாக்கணும், ரெண்டு மாசமா தினமும் ராத்திரி உக்காந்து பழகிட்டு தன் கைதான் சரியில்லன்னு நினைச்சுட்டு இருந்திருக்கான்.

உள்ள என்ன இருக்கு

இதைக் கொஞ்சம் விரிவாச் சொல்லணும், இல்லன்னா அடுத்தது புரியாது. அந்த ஸ்டிக் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4 வீட்டுக் கன்சோலுக்கு வந்த 2009 காலத்து மாடல், ஜப்பான் ஆர்கேட் மெஷின்ல இருக்கற அதே பார்ட்ஸை வீட்டுக்குன்னு பெட்டில போட்டு பரவலா வித்த காலம். லீவர் சான்வா டென்ஷியோட ஜேஎல்எஃப், முழுப் பேரு ஜேஎல்எஃப்-டிபி-8ஒய்டி. பட்டன் எட்டும் சான்வா ஓபிஎஸ்எஃப்-30, 30 மில்லிமீட்டர் ஓட்டைல அமுக்குனா க்ளிக்குனு உக்காந்துக்கும். ஸ்டார்ட், செலக்ட் எல்லாம் 24 மில்லிமீட்டர். பட்டன் வரிசை டைட்டோ கம்பெனியோட வியூலிக்ஸ் ஆர்கேட் மெஷின்ல வர்ற வளைவு.

ஜேஎல்எஃப் உள்ள நாலு மைக்ரோஸ்விட்ச் ஒரு சின்ன போர்டுல இருக்கு, மேல கீழ இடது வலதுன்னு. லீவர் கம்பியோட அடில ஒரு பிளாஸ்டிக் உருளை, அதுக்குப் பேர் ஆக்சுவேட்டர், லீவரை சாய்ச்சா அது போய் ஸ்விட்சை அமுக்கும். அவ்வளவுதான். பாதி சாய்ச்சா பாதி வேகங்கற பேச்சே கிடையாது, ஸ்விட்ச் மூடியிருக்கு இல்ல திறந்திருக்கு. மூலைன்னு தனியா ஒரு ஸ்விட்சும் கிடையாது, கீழ ஸ்விட்சும் வலது ஸ்விட்சும் ஒரே நேரத்துல மூடியிருந்தா அதான் மூலை.

கேட்ங்கறது அடில இருக்கற பிளாஸ்டிக் தட்டு, நடுவுல சதுரமா ஒரு ஓட்டை. லீவர் எவ்வளவு தூரம் போகலாம்னு எல்லை போடறது மட்டும்தான் அதோட வேலை. ஸ்விட்ச் எங்க மூடணும்னு கேட் முடிவு பண்றதே இல்ல. நம்ம கை உணர்றது கேட்டோட சுவத்தை, கேமுக்குப் போறது ஸ்விட்சோட சேதி, இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கற தூரத்தைத்தான் நாம "ஃபீல்"னு சொல்லிட்டு இருக்கோம். சதுரத்தோட நாலு மூலையும் நாலு மூலைத் திசை. ஆனா நல்ல லீவர்ல அந்த மூலை முட்டறதுக்கு முன்னாடியே ரெண்டு ஸ்விட்சும் மூடியிருக்கணும்.

கிராஃப் ஷீட் வெச்சு அளந்தது

அடித்தகட்டைக் கழட்டி, லீவர்ல இருந்து அஞ்சு ஒயர் வர்ற கனெக்டரை உருவுனோம். அஞ்சுல நாலு திசைக்கு, ஒண்ணு பொது கிரவுண்ட். இதுல கருப்பு கிரவுண்ட், ஆனா ஒயர் கலரை நம்பாம மல்டிமீட்டர்ல ஒரு தடவை பாத்துடறது நல்லது. மீட்டரை பீப் சத்தம் வர்ற மோடுல வெச்சு, ஒரு முனை கிரவுண்ட்ல, இன்னொரு முனை வலது திசைல. லீவர் உருண்டைக்குப் பின்னாடி ஒரு அட்டைல கிராஃப் ஷீட் ஒட்டி நிக்க வெச்சேன், உருண்டையோட நடுப்புள்ளி நேரா ஒரு பென்சில் கோடு. அவன் லீவரை நூல் நூலா நகத்தணும், பீப் வந்த இடத்துல நான் புள்ளி வைக்கணும். ஒவ்வொரு பக்கமும் மூணு தடவை, மூணும் கிட்டத்தட்ட ஒரே இடத்துலதான் விழுந்துச்சு.

இடது பக்கம் அஞ்சு மில்லிமீட்டர்ல பீப். மேல அஞ்சு, கீழ அஞ்சரை. வலது பக்கம் எட்டு. கேட் சுவத்துல முட்டறது ஒன்பதுக்குப் பக்கத்துல. அதாவது வலது ஸ்விட்ச் மூடறதும் கேட்ல முட்டறதும் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசத்துல நடக்குது. வேகமா ஆடும்போது கை எப்பவும் சுவர் வரைக்கும் போகாது, மூலையைத் தேய்ச்சுட்டுத் திரும்பிடும். இந்த லீவர்ல அப்படித் தேய்ச்சா வலது ஸ்விட்ச் மூடாது, கீழ மட்டும்தான் போகும். ட்ரெய்னிங் மோடுல பாத்த அதே படம்.

இங்க ஒரு தப்புப் பண்ணேன், சொல்லிடறேன். வலது திசை கோளாறுன்னு வலது பக்கம் இருக்கற ஸ்விட்சைக் கால் மணி நேரம் நோண்டிப் பாத்தேன், அது நல்லாத்தான் இருந்துச்சு. லீவர் நடுவுல ஒரு முட்டுல ஆடுது, மேல வலது பக்கம் சாய்ச்சா அடிப்பக்கம் இடது பக்கம்தான் போகும், அதனால வலது திசைக்கான ஸ்விட்ச் இடது பக்கம் இருக்கும். மேல கீழயும் அப்படித்தான் தலைகீழ். அதோட நாம பெட்டியைக் கவுத்துப் போட்டுப் பாக்கும்போது இன்னொரு தடவை இடவலம் மாறிடும். மீட்டரை மாட்டி, ஒவ்வொரு ஸ்விட்சையும் விரலால அமுக்கி, எது எந்த ஒயர்னு ஒரு பேப்பர்ல வரைஞ்சுட்டு ஆரம்பிச்சிருந்தா அந்தக் கால் மணி நேரம் மிச்சம்.

சரியான ஸ்விட்சைப் பாத்தப்போ விஷயம் வெளில வந்துச்சு. ஸ்விட்ச் நல்லாருக்கு, அதைச் சுமக்கற போர்டு அந்தப் பக்கம் மட்டும் சரிஞ்சிருக்கு. ஜேஎல்எஃப்ல கேட் தட்டுல ஓரத்துல நாலு பிளாஸ்டிக் கொக்கி உண்டு, அதுதான் பாடியோட மாட்டிக்கிட்டு நடுவுல போர்டை அமுக்கிப் பிடிக்கும். அதுல ஒரு கொக்கி வேரோட ஒடிஞ்சிருந்துச்சு. ஒடிஞ்ச பக்கம் கேட் மயிரிழை தூக்கிட்டு நிக்குது, லீவரை ஆட்ட ஆட்ட போர்டு அந்தப் பக்கம் மட்டும் சரிஞ்சு, ஆக்சுவேட்டருக்கும் அந்த ஸ்விட்சுக்கும் நடுவுல தூரம் கூடியிருக்கு. நகத்தால தள்ளுனா போர்டு அசையறது கண்ணுக்கே தெரிஞ்சுது.

"இதை யாருடா கழட்டுனது?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "வாங்குன புதுசுல கேட்டைத் திருப்பி வெச்சா எப்படி இருக்கும்னு பாத்தேண்ணா. ஸ்க்ரூடிரைவர் விட்டு நெம்புனப்போ டக்குனு ஒரு சத்தம் வந்துச்சு. திரும்ப மாட்டுனப்போ நின்னுச்சு, அதனால விட்டுட்டேன்"னான். வாங்குன புதுசுல, அதாவது ரெண்டு மாசம் முன்னாடி. ஷோர்யூகன் வராம போனதும் அப்ப இருந்துதான்.

சதுர கேட்டுக்கு சதுர கேட்

இந்த இடத்துலதான் நான் பிடிவாதமா இருந்தேன். அவன் ஆர்டர் போட்ட எட்டு மூலை கேட்டும் ஜேஎல்எஃப்புக்கானதுதான், அதுலயும் நாலு புதுக் கொக்கி இருக்கும். அதை மாட்டியிருந்தா போர்டு இருக்க வேண்டிய இடத்துல போய் உக்காந்திருக்கும், ஷோர்யூகன் அன்னிக்கே வந்திருக்கும், இவனும் ஆயுசுக்கும் "எனக்கு சதுர கேட் செட் ஆகாது, எட்டு மூலைதான்"னு சொல்லிட்டுத் திரிஞ்சிருப்பான், கேக்கறவங்களுக்கும் அதையே சொல்லியிருப்பான். இப்படித்தான் எத்தனையோ சிபாரிசு கை மாறிக் கை மாறி ஓடிட்டு இருக்குன்னு எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. அதனால முதல்ல என் பழைய லீவர்ல இருந்து அதே மாதிரி சதுர கேட்டைக் கழட்டி இதுல மாட்டினேன். வேற எதையும் தொடல. அதே ஸ்பிரிங், அதே ஸ்விட்ச், அதே ஆக்சுவேட்டர்.

திரும்ப கிராஃப் ஷீட். நாலு பக்கமும் அஞ்சுல இருந்து அஞ்சரைக்குள்ள. வலது கீழ் மூலைல பிடிச்சா துடிப்பு இல்ல. 20 தடவை போட்டதுல இடது பக்கம் நின்னு 16, வலது பக்கம் நின்னு 17. அந்த ஒண்ணு வித்தியாசத்துக்கு அர்த்தம் தேட வேண்டியதில்ல, மிச்சம் பழக்கத்துல வரும்.

எட்டு மூலை கேட் வந்து சேந்ததும் அதையும் ஒரு வாரம் மாட்டிக் குடுத்தேன், காசு போட்டு வாங்கியிருக்கான், நியாயமாப் பாத்துடணும். அவனுக்கு முதல்ல பிடிச்சுது, எட்டுத் திசையும் பள்ளத்துல போய் விழுந்த மாதிரி கைக்குத் தெரியுது. ஆனா தற்காப்பு ஆடும்போது குனிஞ்சு பிளாக் பண்ண லீவரைக் கீழ்-பின் மூலைல கொண்டு போய் வெச்சு அப்படியே சாஞ்சுக்கணும். சதுரத்துல அந்த மூலை ஆழம், சுவர் ரெண்டு பக்கமும் பிடிச்சுக்கும், கண்ணை மூடிட்டு வைக்கலாம். எட்டு மூலைல பள்ளம் ஆழமில்ல, பதட்டத்துல வழுக்கி நேர் கீழ போயிடுது. நாலாவது நாளே, "சதுரத்தையே மாட்டிடுண்ணா"ன்னான். இது அவனோட கை, அவனோட கேம். வட்டமா இருக்கற கேட்டும் இருக்கு, கேட்டே தேவையில்லாத கொரியன் லீவரும் இருக்கு, அதுல ஸ்பிரிங்குக்கு பதில் ரப்பர் வளையம், டெக்கன்ங்கற ஃபைட்டிங் கேம் ஆடறவங்க பின்னாடி பின்னாடி ஓடறதுக்கு அதைத்தான் உயிரா நினைக்கறாங்க. எது சரிங்கறதை ஆடற கேமை வெச்சுத்தான் சொல்லணும்.

சரியானப்புறம் செஞ்ச கஸ்டம் வேலை

கோளாறு போனப்புறம்தான் மாத்தற வேலையை ஆரம்பிச்சோம், ஒரு நேரத்துல ஒண்ணு, நடுவுல ரெண்டு மூணு நாள் ஆடிப் பாக்கணும்னு பேசிக்கிட்டோம்.

முதல்ல ஸ்பிரிங். ஜேஎல்எஃப் ஸ்பிரிங் ரொம்ப சாஃப்டா இருக்கும், கையை விட்டா நடுவுக்கு வர்றதுக்குள்ள லேசா ஆடும். மாத்தறதுக்கு கம்பியோட அடில இருக்கற இங்கிலீஷ் ஈ எழுத்து மாதிரி வளையத்தைக் கழட்டணும், அது தெறிச்சா தேடிக் கண்டுபிடிக்கறது பெரும்பாடு. நான் என்ன பண்ணுவேன்னா, லீவர் மொத்தத்தையும் ஒரு பெரிய பாலித்தீன் கவருக்குள்ள விட்டு, கவருக்குள்ளயே சின்ன தட்டை ஸ்க்ரூடிரைவரால வளையத்தைத் தள்ளுவேன், தெறிச்சாலும் கவருக்குள்ளதான் விழும். மேல உருண்டையைக் கழட்ட கம்பியோட அடில ஒரு வெட்டு இருக்கும், அதுல ஸ்க்ரூடிரைவர் வெச்சுப் பிடிச்சுக்கிட்டு உருண்டையைத் திருகணும். முட்டுல பழைய கிரீஸ் கருத்துப் போயிருந்துச்சு, துடைச்சுட்டு சிலிக்கான் கிரீஸ் மொச்சைக் கொட்டை அளவு. கதவுக் கீலுக்கு அடிக்கற ஸ்பிரேயை இங்க அடிக்காதீங்க, கிரீஸைக் கரைச்சு வெளில கொண்டு வந்துடும். டைட்டான ஸ்பிரிங் அவனுக்குப் பிடிச்சுது, அதை அப்படியே விட்டுட்டோம்.

ஆக்சுவேட்டர் பெருசா போடலாமான்னு கேட்டான். பெரிய ஆக்சுவேட்டர் போட்டா ஸ்விட்ச் சீக்கிரமா மூடும், லீவர் "ஷார்ப்பா" இருக்கற மாதிரித் தெரியும், நிறைய பேர் இதோட நிறுத்திடுவாங்க. சீக்கிரமா மூடறது எதுவோ அது லேட்டாத்தான் திறக்கும், ஏன்னா லீவர் நடுவுக்கு இன்னும் பக்கத்துல வந்தாத்தான் ஸ்விட்ச் விடும். முன்னாடி ரெண்டு தடவை தட்டி டேஷ், அதாவது சட்டுனு முன்னாடி பாயறது, போடறதுக்கு நடுவுல லீவர் ஒரு தடவை முழுசா விடுபடணும். கென் ஆடறவனுக்கு டேஷ் ரொம்ப முக்கியம். வேணாம்னு சொல்லிட்டேன், இப்ப வரைக்கும் பழசுதான்.

பட்டன் சத்தம் ஒரு தனிக் கதை. அவங்க வீடு ரெண்டு ரூம், ராத்திரி பதினொரு மணிக்கு இவன் கோம்போ பழகுனா சித்திக்குத் தூக்கம் வராது, "அம்மிக்கல்லு கொத்தற மாதிரி இருக்கு"ன்னு திட்டு. சான்வாவுலயே சத்தம் வராத மாடல் விக்கறாங்க, எட்டு பட்டனுக்குக் கணக்குப் போட்டா கட்டுப்படியாகல. பட்டனைப் பிரிச்சு, அமுங்கற பாகத்துக்கு அடில ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான ஃபோம் ஷீட்டை வளையமா வெட்டி வெச்சோம். தடிமனான ஷீட் போட்டா பட்டன் முழுசா அமுங்காம ஸ்விட்ச் மூடாமப் போயிடும், அதனால ஒரு பட்டன்ல மட்டும் போட்டு ஒரு நாள் ஆடிப் பாத்துட்டுத்தான் மத்த ஏழும். அடித்தகட்டுல உள்பக்கம் பூரா யோகா மேட் துண்டு ஒட்டுனோம். பெட்டி வெத்து டப்பாவா இருக்கறதுதான் பாதி சத்தத்துக்குக் காரணம், இது நிறைய பேருக்குத் தெரியறதில்ல.

கடைசியா, பட்டன் சேதியை பிசிக்கு அனுப்பற மெயின் போர்டு. பழைய மெயின் போர்டுக்குப் போற யூஎஸ்பி கேபிள் பெட்டிக்குள்ள நுழையற இடத்துல நைஞ்சு, ஆட்டத்துக்கு நடுவுல துண்டிச்சுது. அவன் பிசில மட்டும்தான் ஆடறான், அதனால ராஸ்பெர்ரி பை பிக்கோ போதும்னு முடிவு பண்ணோம். 2021 ஜனவரில 4 டாலருக்கு வந்த குட்டி போர்டு, அதுல ஜிபி2040-சிஇங்கற இலவச ஃபர்ம்வேர் போட்டா முழு கன்ட்ரோலராயிடும். கன்சோல்லயும் ஆடணும்னா விஷயம் வேற, பிளேஸ்டேஷன் அங்கீகாரம் கேக்கும், அதுக்கு ப்ரூக் மாதிரி கம்பெனி விக்கற ரெடிமேட் போர்டு வாங்கறது தலைவலி குறைவு, விலை பல மடங்கு.

ஒயரிங் சுலபம். பிக்கோவுல ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு பின், எல்லா பட்டனோட மறுகாலும் ஒரே கிரவுண்ட், அதை பட்டனுக்கு பட்டன் மாலை மாதிரி கோத்துட்டுப் போலாம், தனியா ரெசிஸ்டர் எதுவும் வேணாம். சான்வா பட்டன் காலுக்கு 2.8 மில்லிமீட்டர் தம்பிள், அதாவது ஒயர் முனைல மாட்டற உலோகக் கவ்வி, வேணும். ரிச்சி ஸ்ட்ரீட்ல தம்பிள்னு கேட்டா பைக் ஒயரிங்குக்குப் போடற 6.3 மில்லிமீட்டரைத்தான் முதல்ல எடுத்துப் போடுவாங்க, அது லொடலொடன்னு கழண்டுடும், அதனால ஒரு பட்டனைக் கையோட எடுத்துட்டுப் போயிடுங்க. பிக்கோவுல பூட்செல் பட்டனை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே பிசில சொருகுனா பென்டிரைவ் மாதிரி ஒரு டிரைவ் வரும், ஃபர்ம்வேர் ஃபைலை அதுல போட்டா முடிஞ்சுது. திசைக்கான பின் வரிசைல மட்டும் கவனம்: ஜிபி2 மேல, ஜிபி3 கீழ, ஜிபி4 வலது, ஜிபி5 இடது. மேல கீழ இடது வலதுன்னு சொல்லியே பழகுன நாக்கு நமக்கு, இவன் அந்தப் பழக்கத்துல நாலுல இடதைப் போட்டுட்டான், கென் முன்னாடி போகச் சொன்னா பின்னாடி போனான். திரும்ப சால்டர் பண்ணத் தேவையில்ல, ஸ்டார்ட் பட்டனை அமுக்கிக்கிட்டு சொருகி, பிரவுசர்ல 192.168.7.1 போட்டா செட்டிங் பக்கம் வரும், அங்கயே மாத்திக்கலாம். பிக்கோவோட யூஎஸ்பி ஓட்டை சின்னது, இழுத்தா பேந்துடும், அதனால பெட்டிச் சுவர்ல ஒரு கெட்டியான சாக்கெட் வெச்சு உள்ள குட்டிக் கேபிள் விட்டோம்.

போர்டு மாத்துனதால வேகமாச்சான்னா, பழைய போர்டு எவ்வளவு லேட்டுன்னு நான் அளக்கல, அதனால சொல்ல மாட்டேன். புதுசு பிசிகிட்ட ஆயிரத்துல ஒரு பங்கு செகண்டுக்கு ஒரு தடவை சேதி சொல்லுது, ஒரு ஃபிரேம்ல பதினாறுல ஒரு பங்கு. வலது ஸ்விட்ச் மூணு மில்லிமீட்டர் தள்ளி மூடுனதுல போன ஃபிரேமோட ஒப்பிட்டா இதெல்லாம் கணக்குலயே வராது.

இதுக்கு நடுவுல, "பேசாம லீவரையே எடுத்துட்டு திசைக்கும் பட்டனே வெச்சுடலாமாண்ணா"ன்னு ஒரு நாள் கேட்டான். லீவர் இல்லாத கன்ட்ரோலர் இப்ப நிறைய பேர் கைல இருக்கு, நல்ல விஷயம்தான். அதுல இடதும் வலதும் ஒரே நேரத்துல அமுக்க முடியும், லீவர்ல அது நடக்கவே நடக்காது, அதனால அப்ப என்ன ஆகணும்னு விதி தேவைப்படுது. 2019ல ஜப்பான் ப்ரோ பிளேயர் டைகோ உமெஹாரா கொண்டு வந்த காஃப்ரோ பாக்ஸ்ங்கற லீவர் இல்லாத கன்ட்ரோலரை, ஸ்ட்ரீட் ஃபைட்டர் கம்பெனியோட கேப்காம் ப்ரோ டூர் போட்டில அனுமதிக்காம போனதும் இந்த மாதிரி விஷயத்துலதான். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 வந்தப்புறம் 2023ல இடது வலது சேந்தா ரெண்டும் ரத்து, மேல கீழ சேந்தாலும் ரத்துன்னு வெச்சாங்க, ஜிபி2040-சிஇல அதுக்குத் தனி செட்டிங்கே இருக்கு. ஆனா இவனுக்கு லீவர் பிடிச்சிருக்கு, லீவர் நல்லாவும் ஆயிடுச்சு. இப்ப மாத்துனா பழகுன கை வீணாப் போகும்னேன், அவனும் விட்டுட்டான்.

மேல இருந்த வெளுத்த படத்தை மாத்தி அவன் வரைஞ்ச படத்தையே பிரிண்ட் எடுத்து அக்ரிலிக் தகட்டுக்கு அடில வெச்சான். ஓட்டை வெட்டறதுக்கு கூர்மையான பிளேடு, பொறுமை, வேற ஒண்ணும் இல்ல.

ரெண்டு மாசம் கழிச்சு

திரும்ப எடுத்துட்டு வந்தான், இந்தத் தடவை அளந்து பாக்கறதுக்குன்னே. அதே கிராஃப் ஷீட், அதே பென்சில் கோடு. நாலு பக்கமும் அஞ்சரைக்குள்ளயே நிக்குது, ஸ்விட்ச் போர்டு அசையல. மீடியம் பஞ்ச் பட்டன்ல ஒரு தம்பிள் லூசாகி எப்பவாவது விட்டுப் போயிட்டு இருந்துச்சு, அதை எங்கிட்ட கேக்காமலே அவனே இன்புட் டிஸ்ப்ளேல கண்டுபிடிச்சு, எந்தப் பட்டன், எத்தனைல எத்தனை தடவைன்னு ஒரு நோட்ல எழுதிட்டு வந்திருந்தான். தம்பிளை ஒரு அமுக்கு அமுக்கி மாட்டினோம். ஷோர்யூகனை நான் கேக்காமலே போட்டுக் காட்டுனான், இடது பக்கம் நின்னு 20க்கு 19.